நெல் வயலில் என்ன காட்டுயிர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சாக்ரமெண்டோவுக்கு மேற்கே உள்ள யோலோ பைபாஸ் காட்டுயிர்ப் பகுதிக்குப் போனோம். கண்ணில் பட்டதெல்லாம் நெல் அறுத்த தாளும் சேறும், தூரத்தில் நெடுஞ்சாலைப் பாலமும்தான். மழைக்குப் பின் மறுபடி போனால் வெள்ளம் என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். இதையா காட்டுயிர்ப் பகுதி என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த நிலம் இருப்பதே வெள்ளத்துக்காகத்தான். 1861–62 பெருவெள்ளத்தில் சாக்ரமெண்டோ நகரம் மூழ்கியது. கரையை உயர்த்தி மாளாது என்று பட்ட பிறகு, சாக்ரமெண்டோ ஆறு எப்போதும் பரவிக் கிடந்த மேற்குப் படுகையை ஆற்றுக்கே விட்டுக்கொடுத்தார்கள். யோலோ பைபாஸ் என்பது சாலை அல்ல, அந்த வெள்ளப் படுகைதான். 1924-இல் கட்டி முடித்த ஃப்ரீமாண்ட் கலிங்கில் (மிகைநீர் வழிவதற்கான தாழ்ந்த தடுப்பில்) வழியும் நீர் அங்கே இறங்குகிறது. பெருவெள்ளத்தில், நகரை ஒட்டி ஓடும் ஆற்றைப்போல் நான்கு மடங்கு நீரை அந்தப் படுகை தாங்கும். நம் ஏரிகளிலும் கலிங்கு வழிந்தால் நீர் போக இடம் இருந்தது. எத்தனையோ ஊர்களில் அங்கே வீடு கட்டிவிட்டோம். யோலோவை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

ஆழமில்லாத வெள்ளநீர் வெயிலில் சூடேறுவதால் பூச்சிகளும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. கடலுக்குப் போகும் வழியில் அங்கே ஒதுங்கும் சால்மன் குஞ்சுகள், ஆற்றிலேயே தங்கியவற்றைவிட வேகமாக வளர்வதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் குறைப்பட்ட தாளும் வீணில்லை. வைக்கோல் எரிப்பைக் குறைக்க 1991-இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. விவசாயிகள் பலர் அறுத்த வயலில் நீர் தேக்கித் தாளை மக்கவிடத் தொடங்கினார்கள். சிந்திய நெல்லுக்கும் புழுக்களுக்கும் வாத்துகள் வந்து இறங்கின. வேடந்தாங்கலுக்கு வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகிய இனங்களே அங்கும் குளிர்காலம் கழிக்கின்றன. யோலோவில் வயல் குத்தகைப் பணம் அந்தப் பகுதியின் பராமரிப்புக்கே போகிறது. நெல்லும் பறவையும் ஒரே நிலத்தில் பிழைக்கும் இந்த ஏற்பாட்டை நம் டெல்டாக்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் மறுபடி போங்கள். சூரிய உதயத்துக்கே திறந்துவிடுவார்கள். சுற்றுப்பாதையில் காரை விட்டு இறங்காதீர்கள். பறவைகள் காருக்கு மிரள்வதில்லை, ஆள் இறங்கினால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரமாவது உட்காருங்கள். நீங்கள் பார்த்த அந்தப் பாலத்தின் அடியில் கோடையில் சுமார் 2,50,000 வௌவால்கள் தங்குகின்றன. அந்தியில் வெளியேறி, வயல் பூச்சிகளைத் தின்னப் பறக்கின்றன. கோடைவரை அங்கே இருப்பீர்கள் என்றால், யோலோ பேசின் அறக்கட்டளையினர் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள்.