முதல் 8 சதவீதம், எந்தக் கூட்டத்தில்?

கேள்வி: ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ஷூட்டர் விளையாட்டு ஒன்றை 2 வருடமாக ஆடுகிறேன். விளையாட்டுக்குள்ளே எனக்கு நடுத்தர ரேங்க்தான். வெளியே உள்ள ஒரு டிராக்கர் தளமோ (ஆட்டக்காரர்களின் விவரங்களைத் திரட்டி வரிசைப்படுத்தும் தளம்) என்னை 'முதல் 8 சதவீதம்' என்கிறது. போன மாதம்தான் ஆட வந்த என் நண்பன் அதே தளத்தில் எனக்கும் மேலே இருக்கிறான். ஆடியது 20 மேட்ச், ஜெயித்தது 12. எங்கள் குழுவில் இந்தத் தளத்தைப் பார்த்துத்தான் டீம் பிரிக்கிறார்கள். நம்பலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: நண்பரின் 20 மேட்சிலிருந்தே ஆரம்பிப்போம். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டுங்கள். 12 தடவையோ அதற்கு மேலோ தலை விழ நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நாணயத்துக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியாது. 20 மேட்சை வைத்து உங்கள் நண்பர் கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இது தெரிந்துதான் கணக்குப் போடுபவர்கள் ரொம்ப நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சதுரங்க ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி போட ஆர்பட் எலோ உருவாக்கிய முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. பாதி டிராக்கர் தளங்களின் கணக்குக்கு அதுதான் தாத்தா. அதில் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 ஆட்டம் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கலாம். அந்தப் புள்ளியை எவ்வளவு உறுதியாக நம்பலாம் என்பதை மட்டும் அது சொல்லாது. 1995-இல் மார்க் கிளிக்மன் அதைச் சேர்த்தார்: ஒவ்வொருவருக்கும் ஒரு ரேட்டிங், பக்கத்திலேயே அந்த ரேட்டிங் எவ்வளவு தள்ளாடுகிறது என்று இன்னொரு எண். பிறகு எக்ஸ்பாக்ஸுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த ட்ரூஸ்கில் வந்தது. அதில் புதிதாக வருபவரின் திறமையை 25 என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் சந்தேகத்துக்காக அதிலிருந்து 25-ஐக் கழித்துவிட்டு, பட்டியலில் 0 என்று காட்டுவார்கள். உங்கள் நண்பரை அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒருவரின் நிலை ஓரளவு பிடிபட எத்தனை ஆட்டம் வேண்டும் என்றும் அந்த ட்ரூஸ்கில் குழுவே சொல்லியிருக்கிறது. ஒற்றைக்கு ஒற்றை என்றால் 12 போதும். நாலுக்கு நாலு என்றால் 46. எட்டுக்கு எட்டு என்றால் 91. கூட்டம் கூடக்கூட, வெற்றியில் உங்கள் பங்கு எது, பக்கத்தில் நின்றவர் பங்கு எது என்று பிரிப்பது கஷ்டமாகிறது. நீங்கள் ஆடுவது ஐந்துக்கு ஐந்து.

சரி, உங்கள் 8 சதவீதத்துக்கு வருகிறேன். விளையாடுகிற எல்லோரிலும் 8 சதவீதமா, அந்தத் தளத்துக்குக் கண்ணில் படுகிறவர்களில் 8 சதவீதமா? தன் பெயரை டிராக்கரில் தேடிப் பார்க்கிறவர் எப்படியும் கொஞ்சம் தீவிரமாக ஆடுகிறவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத் தூங்கப் போகிறவர் அந்தப் பக்கமே வருவதில்லை. அப்படிப் பார்த்தால் உங்கள் 8 இன்னும் நல்ல எண்ணாகக்கூட இருக்கலாம். ஆனால் பழைய கணக்குகள், விட்டுப்போன கணக்குகள் எல்லாம் வகுக்கும் எண்ணில் கிடந்தால் கதை தலைகீழ். 2018-இல் ஓவர்வாட்ச் விளையாட்டில் எல்லோருடைய விவரப் பக்கத்தையும் மூடிவைப்பதை இயல்பு நிலையாக்கினார்கள். அன்றிலிருந்து, தாமாகத் திறந்து வைத்தவர்களை மட்டும்தான் வெளித்தளங்களால் பார்க்க முடிந்தது. ஆட்டக்காரர்களின் கை அப்படியேதான் இருந்தது, ஒப்பிடும் கூட்டம் மட்டும் சுருங்கியது.

நானும் ஒரு காலத்தில் இந்தப் பாவத்தைச் செய்தவன். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 நாட்களில் ஒரு சர்வர் வைத்திருந்தேன், அதில் ஹெச்.எல்.ஸ்டாட்ஸ்எக்ஸ் ரேங்க் பட்டியல் ஓடும். எல்லோருக்கும் 1000 புள்ளியில் தொடக்கம். ஒருவரைக் கொன்றால் அவர் புள்ளியில் கொஞ்சம் நம்மிடம் வரும், கத்தியால் கொன்றால் கூடுதலாக வரும். மாதக்கணக்கில் ஒரே ஆள்தான் முதலிடம். நேருக்கு நேர் நின்றால் அவரை நானே பாதிக்குப் பாதி வீழ்த்துவேன், இத்தனைக்கும் நான் சுமார்தான். ஒரு நாள் சந்தேகம் வந்து சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். விடிகாலை 3 மணி, சர்வரில் இரண்டே பேர். நாற்பது நிமிடம் ஒரே மாதிரி வரிகள்: இவர், கத்தி, அந்த இன்னொரு பெயர். அந்தப் பெயரின் புள்ளி கரைந்ததும் அது வெளியேறும், ஒரு நிமிடத்தில் வேறொரு புதுப் பெயர் 1000 புள்ளியோடு உள்ளே வரும். இரண்டும் அவரேதான். சர்வரில் 6 பேர் இருந்தால்தான் புள்ளி என்று மாற்றினேன். இரண்டே வாரத்தில் ஒன்பதாம் இடத்துக்கு வந்துவிட்டார். என்மேல் இன்னும் கோபம் என்று கேள்வி.

இன்றைய தளங்கள் இதைவிடக் கவனமானவை. ஆனாலும் 'கில்' என்பதை எண்ணுவது சுலபம், சரியான நேரத்தில் புகைக்குண்டு போட்டு வழியை அடைத்ததை எண்ணுவது கஷ்டம், ஆகவே முதல் வகைக்காரர்தான் பட்டியலில் ஏறுவார். டீம் பிரிக்க அந்தத் தளத்தைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் 50 மேட்சுக்குக் கீழே ஆடியவர்களை அதில் பார்க்காமல், இரண்டு வாரம் சேர்ந்து ஆடியவர்களைக் கேட்டுப் பிரியுங்கள். 20, 30 புள்ளி வித்தியாசத்துக்கெல்லாம் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: பேட்டில் ராயல் (கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயிக்கும் ஆட்டம்) ஸ்க்வாடில் சேர கே.டி. (ஒரு சாவுக்கு எத்தனை கில் என்ற கணக்கு) 2 இருந்தால்தான் வா என்கிறார்கள். என்னுடையது 1.3. நான் அவ்வளவு மோசமா?

பதில்: 100 பேர் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். கடைசியில் ஒருவர் நிற்க, 99 பேர் சாகிறார்கள். கில்லும் மொத்தம் 99-ஐத் தாண்டாது. ஆக மொத்தக் கூட்டத்தின் சராசரி 1-க்குப் பக்கத்தில்தான் வர முடியும். அந்தக் கணக்கில் 1.3 கௌரவமான எண். ஆனால் இறங்கியவர்களில் பாட்கள், அதாவது மனிதர்களுக்குப் பதில் கணினியே ஆட்டுவிக்கும் ஆட்கள், எத்தனை என்று பாருங்கள். ஃபோர்ட்நைட்டில் 2019-இல் பாட்களைக் கலந்தார்கள், மற்ற சில விளையாட்டுகளிலும் உண்டு. பாட்கள் நிறையச் செத்து, குறைவாகக் கொன்றால், மனிதர்கள் எல்லோருடைய கே.டி.யும் உப்பும். அப்புறம் 2 என்பது பழைய 2 இல்லை. கேட்கிறவரிடம் அவருடைய 2 எந்த மோடில், எந்த சீசனில் வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும்.

கேள்வி: காசு வாங்கிக்கொண்டு நம் கணக்கில் வேறு ஆள் ஆடி ரேங்க் ஏற்றித் தருகிறார்களே, டிராக்கர் தளம் இதைக் கண்டுபிடிக்குமா?

பதில்: கஷ்டம். தளத்துக்குக் கணக்கின் பெயர் தெரியும், மௌஸைப் பிடித்த கை தெரியாது. வரைபடத்தில் மூன்று நாள் செங்குத்தாக ஏறி, நாலாம் நாளிலிருந்து படிப்படியாக இறங்கும் கோடு இருந்தால் நானாக இருந்தால் ஒரு மாதிரிதான் பார்ப்பேன்.