பீட்டில் எஞ்சினுக்கு எந்த போர்? கேள்வி பதில்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றுக்குளிர் எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது போர் அளவை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, எப்படித் தேர்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதிலுக்கு முன் கம்பெனி அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 1200க்கு 77 மி.மீ. போர், 64 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் தூரம்). 1300க்கு 77, 69. 1500க்கு 83, 69. 1600க்கு 85.5, 69. இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டரும் தனித்தனி பேரல்கள், அடிப்பக்கம் எஞ்சின் உடலான கேஸின் ஓட்டைக்குள்ளும் மேல்பக்கம் மூடியான ஹெட்டுக்குள்ளும் உட்காரும். பேரலையும் பிஸ்டனையும் செட்டாகக் கழற்றி வேறு செட் போடலாம். அந்த வசதிதான் எல்லாருக்கும் ஆசையைக் கிளப்புகிறது.

வெள்ளவத்தையிலிருந்து: 1600 எஞ்சின், பேரல் தேய்ந்துவிட்டது. 85.5, 87, 88 மூன்றுமே கேஸைக் கடையாமல் உள்ளே போகும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

கடைக்காரர் சொல்வது உண்மை. மூன்றும் உள்ளே போகும். ஏன் போகிறது என்று யோசியுங்கள். கேஸில் உள்ள ஓட்டை மாறவில்லை, எனவே பேரலின் வெளிச்சுற்றும் மாறவில்லை. உள்ளே கூடிய இடம் முழுக்கச் சுவரிலிருந்து எடுத்தது. 87இல் பக்கத்துக்கு 0.75 மி.மீ. குறைகிறது, 88இல் 1.25 மி.மீ. இந்த எஞ்சினில் பேரலின் மேல்விளிம்பு அலுமினிய ஹெட்டில் நேராக உட்கார்ந்து, உலோகத்தோடு உலோகம் அழுந்தித்தான் காற்றை அடைக்கிறது. சுவர் மெலிந்தால் அந்த விளிம்பும் மெலிகிறது, சூட்டில் பேரல் வட்டம் தவறவும் வழி பிறக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நானே ஒரு 1600இல் 88 போட்டேன். முதல் இரண்டு மாதம் பறந்தது. பிறகு கடுகண்ணாவ ஏற்றத்தில் 'டுக் டுக்' என்று ஒரு சத்தம், இறக்கத்தில் இல்லை. ஹெட்டைக் கழற்றினால் மூன்றாம் சிலிண்டரின் விளிம்பில் நெல் மணி அளவுக்கு ஒரு கறுப்புத் தடம். ஹெட் பக்கம் அதே இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. எரியும் வாயு அலுமினியத்தை அரித்து வழி போட்டிருக்கிறது. ஹெட் போயிற்று, பேரலும் போயிற்று.

85.5க்கு 1584 சிசி. 87க்கு 1641. 88க்கு 1679. அதாவது 87இலிருந்து 88க்குப் போனால் கிடைப்பது 38 சிசி. அதற்காக இன்னும் அரை மில்லிமீட்டர் சுவரைக் கொடுக்காதீர்கள். தினமும் ஓடும் வண்டி என்றால் 85.5 போடுங்கள், கொஞ்சம் ஆசை இருந்தால் 87. ஸ்லிப்-இன், அதாவது கடையாமல் உள்ளே போகும், 88 வேண்டவே வேண்டாம்.

கண்டியிலிருந்து: கேஸைக் கடையத் தயார். 90.5ஆ, 92ஆ? மலைப்பாதையில்தான் ஓட்டம், நுவரெலியாவுக்கு அடிக்கடி போவேன்.

90.5. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 69 ஸ்ட்ரோக்கோடு 1775 சிசி வரும், கடைகளில் 1776 என்பார்கள். கேஸையும் ஹெட்டையும் பெரிதாக்கி வைப்பதால் சுவருக்குத் தடிப்பு திரும்பக் கிடைக்கிறது. சாதாரண 92 பேரல் போவதும் 90.5 போகும் அதே ஓட்டைக்குள்தான். அப்படியென்றால் 92 என்பது 90.5இன் சுவரை 0.75 சுரண்டியது. 85.5க்கும் 87க்கும் என்ன உறவோ அதே உறவு. தடித்த சுவர் 92 என்று ஒன்று இருக்கிறது, அது 94க்குக் கடைந்த ஓட்டைக்குள் போவது. பெட்டியில் இரண்டுக்கும் 92 என்றே போட்டிருக்கும், எனவே வாங்குமுன் வெளிச்சுற்றை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள்.

உங்களுக்கு மலை ஏற்றம் என்பதால் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை, பேசியே ஆக வேண்டும். போரைக் கூட்டினால் விகிதமும் தானாக ஏறும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஹெட் அறை 50 சிசி, டெக் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக் என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கும் பேரல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி. இந்தக் கணக்கில் 85.5க்கு விகிதம் ஏறத்தாழ 7.8. 87க்கு 8. 90.5க்கு 8.4. 94க்கு 8.9. இரண்டாம் கியரில் மூச்சு வாங்கி ஏறும்போது 92 ஆக்டேன் பெட்ரோலில் 8.4 எனக்குப் பிடிக்கவில்லை, எஞ்சின் தட்டும் (நாக்) என்ற பயம். ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது, அறையை 55 சிசி ஆக்கச் சொல்லுங்கள், 7.9க்கு இறங்கிவிடும்.

அறையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வால்வுகளையும் பிளக்கையும் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் தட்டை மேலே ஒட்டுங்கள். மருந்துக் கடைச் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விடுங்கள். கடைசிக் காற்றுக் குமிழ் ஓட்டை வழியே வெளியேறும்போது எத்தனை மில்லி போயிற்றோ அதுதான் அளவு. நான்கு அறையையும் அளந்து சமமாக்குங்கள்.

கடைபவருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கேஸ் மக்னீசியக் கலவை. அதன் சீவல் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலைப் போட வேண்டும். லேத் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேஸைக் கொடுங்கள்.

சென்னையிலிருந்து: புல்லட் 350ஐ 500 ஆக்கலாமா?

இங்கே கார் எஞ்சின் மட்டும். புல்லட் கட்டும் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

காலியிலிருந்து: 1641 (87 போர்) போட்டால் எத்தனை குதிரைசக்தி கூடும்?

கம்பெனி 1600 டூயல் போர்ட்டுக்கு (ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு உள்வழி உள்ளது) சொன்னது 50. போரை மட்டும் மாற்றி, கார்புரேட்டரும் வால்வும் பழையதாகவே இருந்தால் மேல் வேகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கீழ் வேக இழுவை கொஞ்சம் கூடும், ஏற்றத்தில் கியர் மாற்றும் தொல்லை சற்றுக் குறையலாம்.

கிள்ளானிலிருந்து: நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸின் 2000 சிசி எஞ்சினில் கம்பெனியே 94 போர் போட்டது. அது லட்சம் கிலோமீட்டர் ஓடவில்லையா?

ஓடியது. ஆனால் அது டைப் 4 எஞ்சின். பீட்டிலில் இருப்பது டைப் 1. இரண்டும் காற்றுக்குளிர், நான்கு சிலிண்டர், படுத்த அமைப்பு. ஒற்றுமை அவ்வளவுதான். டைப் 4இன் கேஸ் அலுமினியம், டைப் 1இனுடையது மக்னீசியம். டைப் 4ஐ வரையும்போதே பெரிய போருக்கு இடம்விட்டு வரைந்தார்கள். 1700க்கு 90 போர், 66 ஸ்ட்ரோக். 1800க்கு 93, 66. 2000க்கு 94, 71. அந்த 1700இன் கொள்ளளவு 1679 சிசி. நான் மேலே வேண்டாம் என்ற ஸ்லிப்-இன் 88இன் கொள்ளளவும் 1679 சிசிதான். காகிதத்தில் ஒரே எண். ஒன்று அந்த அளவுக்கென்றே பிறந்தது, மற்றது சுவரைச் சுரண்டி அங்கே போய்ச் சேர்ந்தது.

டைப் 1இல் ஹெட்டைக் கேஸோடு இறுக்கிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகளான ஸ்டட்கள் நிற்கும் இடம் மாறாது. பேரல் பெருத்தால் ஸ்டட்டுக்கும் பக்கத்துப் பேரலுக்கும் நடுவே ஃபின்னுக்கு (பேரலைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளுக்கு) மிஞ்சும் இடம் குறையும். ஃபின்தான் இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர். சூடு கூடுகிறது, சூட்டை வெளியேற்றும் பரப்பு குறைகிறது.

மீண்டும் கிள்ளான்: கலிபோர்னியாவில் எல்லாரும் 94 ஓட்டுகிறார்கள். நானும் மூன்று வருடமாக 94 போட்ட 1915 சிசி ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் 94 கட்டியதுண்டா?

கட்டியிருக்கிறேன், இரண்டு. நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 94 பேரலின் சுவர் ஸ்லிப்-இன் 88ஐயும் மெல்லிய 92ஐயும் விடத் தடிப்பு. 88ஐ வைத்து 94ஐ எடைபோட்டால் அது தவறு. கலிபோர்னியாவில் இழுவைப் பந்தயத்துக்கு 94 கட்டுகிறவர்கள் கால் மைல் ஓட்டி, அடிக்கடி ஹெட்டைத் திறந்து பார்க்கிறவர்கள். தெருவில் ஓட்டுபவர்களும் தனி ஆயில் கூலர், ஆயில் ஃபில்டர், பெரிய பம்ப் எல்லாம் வைத்தே ஓட்டுகிறார்கள். பீட்டிலுக்குள் இருப்பது 2.5 லிட்டர் ஆயில்தான், அதுவும் சேர்ந்துதான் எஞ்சினைக் குளிர வைக்கிறது. உங்கள் வண்டியில் இவை இருக்கின்றனவா? கூலர் எங்கே மாட்டியிருக்கிறது?

மூன்றாம் முறை கிள்ளான்: தனி கூலர் இருக்கிறது, விசிறியோடு. ஃபில்டரும் இருக்கிறது. கேஸில் ஸ்டட்டுக்கு இரும்பு நூல் (மரை) செருகியிருக்கிறது.

அப்படியென்றால் நீங்கள் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள், மூன்று வருடம் ஓடியதில் ஆச்சரியமில்லை. நான் எச்சரிப்பது கூலரும் ஃபில்டரும் இரும்புச் செருகலும் இல்லாமல் 94 பெட்டியை மட்டும் வாங்கி வருபவரை. ஸ்டட் விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி, நானே முன்பே சொல்லியிருக்க வேண்டும். மக்னீசியத்தில் வெறும் நூலில் நிற்கும் ஸ்டட் சூட்டில் பிடுங்கிக்கொண்டு வரும். பெரிய போர் போடுகிறவர் யாராக இருந்தாலும் செருகல் போட்டே ஆக வேண்டும்.

நீர்கொழும்பிலிருந்து: 87ஆ 88ஆ?

87. காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து: கிட் வந்துவிட்டது, 87. அப்படியே மாட்டிவிடலாமா?

டெக் அளந்தீர்களா? ரிங் இடைவெளி பார்த்தீர்களா? ரிங்கைப் பேரலுக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விடுங்கள். மேல் ரிங்குகளுக்கு 0.30க்கும் 0.45க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும்.

குருநாகலிலிருந்து: 88 ஸ்லிப்-இன் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

வேண்டாம். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, அப்பாவின் 1200. அவர் 34 குதிரைசக்தியோடு முப்பது வருடம் ஓட்டினார். நான் பெரிய போர் போட வேணுமோ?

வேண்டாம் தம்பி. 77ஐயே புதிதாகப் போடுங்கள். பேரல்களுக்கு அடியில் இரண்டு சின்னத் தகரங்கள் இருக்கும், காற்றை ஃபின்களுக்குள் திருப்பிவிடுபவை. பழைய எஞ்சின்களில் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அவை இருக்கின்றனவா என்று முதலில் குனிந்து பாருங்கள். அப்புறம் எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர். அது கிழிந்திருந்தால் கீழேயுள்ள சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். இரண்டும் சரியாக இருந்தால் அப்பாவின் எஞ்சின் இன்னும் நெடுநாள் ஓடும்.

ஹட்டனிலிருந்து: நீங்கள் சொன்னபடி 90.5க்கு டெக் அளந்தேன். ஒன்றாம் சிலிண்டர் 1.5, இரண்டு 1.5, மூன்று 1.5, நான்கு 1.1. நான்கின் அடியில் மட்டும் ஒரு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்துவிடவா?

அளந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் ஷிம் வைக்காதீர்கள். மூன்றும் நான்கும் ஒரே ஹெட்டின் கீழ் இருப்பவை. நான்காம் பேரலை மட்டும் உயர்த்தினால் ஹெட் அதன் மேல் உட்கார்ந்து, மூன்றாவதில் சரியாக அழுந்தாது. அங்கே வாயு கசியும். முதலில் இரண்டு பேரலையும் கழற்றி, கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தோளிலிருந்து விளிம்பு வரை உயரம் அளந்து பாருங்கள். நான்காவது 0.4 குட்டையாக இருந்தால் கோளாறு கிட்டில், திருப்பிக் கொடுங்கள். உயரம் சமமாக இருந்தால் மூன்றாம் பேரலின் உட்காரும் இடத்தை விரலால் தடவுங்கள். பழைய சீலண்ட் ஒட்டியிருந்தாலோ, கடைந்தபோது உதட்டில் பிசிறு விட்டிருந்தாலோ அது மேலே தூக்கி நின்றிருக்கும். அங்கேயும் இல்லையென்றால் மூன்று, நான்கு பிஸ்டன்களை இடம் மாற்றி மீண்டும் அளங்கள். 1.1 பிஸ்டனோடு கூடப் போனால் பிஸ்டன், அங்கேயே நின்றால் கனெக்டிங் ராடு அல்லது கேஸ். எது என்று தெரிந்ததும் எழுதுங்கள், அதுவரை ஹெட்டை மூடாதீர்கள்.