வாசகர் கேள்வி பதில்: எந்த கவுண்டர்ல போய் சொல்றது?

போன இதழ்ல சாப்பாட்டு கடை வேலையாள் சம்பளத்த பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு, போற போக்குல "இது ஆட்கடத்தல் கேஸா கூட இருக்கலாம்"னு ஒரு வரி எழுதி வெச்சேன், அவ்வளவுதான், வாட்சாப் நிரம்பிருச்சு. அதனால சினிமா, ஈபிஎஃப், ராசிபலன் கேட்டவங்க எல்லாம் கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்க. பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, யார் பேரும் போடல.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நியூஸ்ல அடிக்கடி மாப்போ, மாப்போங்கறாங்களே, அது போலீஸா, தனி ஆபீஸா? ஒரு ஆள காப்பாத்தணும்னா நேரா அங்க போய் கதவ தட்டலாமா?

தட்டலாம் சார், ஆனா ஜீப் எடுத்துக்கிட்டு கிளம்பற ஆளுங்க அவங்க இல்ல. மாப்போங்கறது ஆட்கடத்தலுக்கு எதிரான ஒரு மன்றம், எல்லா துறையும் ஒரே மேசையில உக்கார்ற இடம். 2007ல மலேசியாவுல ஆட்கடத்தலுக்குன்னே தனியா சட்டம் போட்டாங்க, சட்டம் 670, அது அடுத்த வருஷம் அமலுக்கு வந்துச்சு, இந்த மன்றமும் அந்த சட்டத்துல பொறந்ததுதான். 2010ல திருத்தி, கள்ளத்தனமா எல்லை தாண்டி ஆள் கூட்டிட்டு வர்றதையும் உள்ள சேர்த்தாங்க. தலைவர் உள்துறை அமைச்சோட தலைமை செயலாளர். பிடிக்கறதுக்கும் விசாரிக்கறதுக்கும் பவர் உள்ளவங்கன்னு பாத்தா போலீஸ், குடிநுழைவு, சுங்கம், கடல்ல ரோந்து போற மரித்திம், அப்புறம் நம்ம லேபர் ஆபீஸ். கேஸ் நடத்தறது சட்டத்துறை தலைவர் அலுவலகம், காப்பகம் மகளிர் அமைச்சோட பொறுப்பு, வெளிநாட்டு தூதரகங்களோட பேசறது விஸ்மா புத்ராங்கற வெளியுறவு அமைச்சு, இது போக சில அரசு சாரா அமைப்புங்களும் மேசையில உண்டு.

கல்யாண வீடு மாதிரின்னு வெச்சுக்கோங்க. பந்தலுக்கு ஒரு சித்தப்பா, சமையலுக்கு ஒரு மாமா, மொய் எழுத ஒரு அண்ணன், எல்லாத்துக்கும் ஆள் போட்டாச்சு, லிஸ்ட்டும் அருமையா இருக்கு, ஆனா வாசல்ல வந்து நிக்கற ஆள "வாங்க"ன்னு கூப்பிட்டு உள்ள உக்கார வெக்கறது யாருன்னு மட்டும் யாரும் பேசிக்கல. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேசிய திட்டம் போடறாங்க, 2010ல ஒண்ணு, 2016ல ஒண்ணு, 2021ல மூணாவது. அதே 2021 நவம்பர்ல கட்டாய உழைப்புக்குன்னு மனிதவள அமைச்சு வேற தனியா ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. கடனுக்காக பூட்டி வெச்சு வேலை வாங்கப்படற ஒரே ஆள், ரெண்டு திட்டத்துலயும் வருவாரு. திட்டத்துக்கு பஞ்சம் இல்ல. கோளாறு எல்லாம் முதல் கவுண்டர்ல, அது கீழ வர்ற கேள்வியில விவரமா வருது.

இன்னொண்ணும் ஞாபகம் வருது, சொல்லிடறேன். வெளிநாட்டு தொழிலாளிங்களுக்கு உதவற தெனாகானித்தா அமைப்ப ஆரம்பிச்ச ஐரின் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்கள்ல வெளிநாட்டு தொழிலாளிங்க படற பாட்ட 1995ல ஒரு அறிக்கையா எழுதுனதுக்கு, பொய் செய்தி பரப்புனதா அவங்க மேலயே கேஸ் போட்டாங்க, 2003ல ஒரு வருஷ ஜெயில்னு தீர்ப்பு, அப்பீல்ல விடுதலை கிடைச்சது 2008ல. சட்டம் 670 அமலுக்கு வந்ததும் அதே வருஷம்தான்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: ஆட்கடத்தல்னா ஆள வேன்ல தூக்கிட்டு போறதுதானே?

இல்லண்ணே, அது கிட்னாப், அதுக்கு வேற சட்டம். பணம் வாங்கிக்கிட்டு எல்லை தாண்டி விடறதும் தனி குற்றம், அதுக்கு பேரு ஆள் கடத்தி விடறது, கொண்டு வந்து விட்டதோட அவங்க வேலை முடிஞ்சிரும். நாம பேசறது ஒரு ஆள ஏமாத்தியோ மிரட்டியோ, அவரோட இயலாத நிலைமைய பயன்படுத்தியோ கொண்டு வந்து, இல்ல இருக்கற இடத்துலயே பிடிச்சு வெச்சு, சுரண்டறது. எல்லையே தாண்ட வேணாம், கோலாலம்பூர்ல இருந்து கோலாலம்பூருக்கே நடக்கும். "அவரா தானே சம்மதிச்சு வந்தாரு"ன்னு முதலாளி சொன்னா அது கோர்ட்ல செல்லாது, சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு.

பிறை வாசகி: எங்க தாமான் முக்குல ஒரு சாப்பாட்டு கடை. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு தம்பி அங்க வேலை செய்யுது. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட, ஏஜெண்ட் கடன்னு சொல்லி ஆறு மாசமா சம்பளம் குடுக்கல, ராத்திரி மேல்மாடியில விட்டு வெளியில பூட்டிடறாங்க. பெர்மிட்டும் இல்லையாம். நான் போய் ரிப்போர்ட் போட்டா அந்த தம்பியையே பிடிச்சு குடிநுழைவு தடுப்பு டிப்போவுல போட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?

அக்கா, உங்க பயம் வீண் பயம் இல்ல, முதல்ல அத சொல்லிடறேன். பல வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு ஆள கூட்டிக்கிட்டு நானே ஒரு பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, போனேன், எந்த ஊர்னு வேணாம். கவுண்டர்ல இருந்தவரு நிமிர்ந்து பாத்து கேட்ட முதல் கேள்வி "பாஸ்போர்ட் அடா?", அதாவது பாஸ்போர்ட் இருக்கா? இல்லன்னோம். அதோட முடிஞ்சுது, அந்த ஆள் மேசைக்கு அந்த பக்கம் போயிட்டாரு, நான் இந்த பக்கம். சம்பளம் வாங்காத கதை, அடி வாங்குன கதை எதையும் எழுதல, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர்னு ஒரு வரி எழுதுனாங்க. நான் சொல்ற கவுண்டர் இதுதான். மேல அஞ்சு துறை உக்காந்து என்ன முடிவு எடுத்தாலும், கீழ முதல்ல பாக்கற ஆள் எந்த பேர்ல எழுதறாரோ அந்த பேர்லதான் அந்த மனுஷனோட மிச்ச கதை ஓடும்.

ஆனா சட்டம் அந்த தம்பி பக்கம்தான் இருக்கு. ஆட்கடத்தல்ல மாட்டுனவர்னு ஆயிட்டா, பெர்மிட் இல்லாம இருந்ததுக்கோ கள்ள பாஸ்போர்ட்ல வந்ததுக்கோ அவர் மேல கேஸ் போட முடியாது. சந்தேகம்னு வந்தாலே 24 மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தி இடைக்கால பாதுகாப்பு உத்தரவு கேக்கணும், அது 21 நாள். அதுக்குள்ள அதிகாரியும் சமூகநல பாதுகாப்பு அதிகாரியும் விசாரிச்சு அறிக்கை குடுக்கணும். மேஜிஸ்திரேட் ஆமான்னு சொன்னா முழு உத்தரவு, வெளிநாட்டுக்காரருக்கு மூணு மாசம் வரைக்கும், சாட்சி சொல்ல வேண்டியிருந்தா நீட்டலாம். அந்த நாள் எல்லாம் இருக்கறது காப்பகத்துல, டிப்போவுல இல்ல. 2015 திருத்தத்துக்கு அப்புறம் காப்பகத்துக்கு வெளிய போய் வேலை செய்யவும் அனுமதி கேக்கலாம், கேட்டு வாங்கி உண்மையா வேலைக்கு போனவங்க ரொம்ப கம்மிங்கறது வேற விஷயம். 2022ல இன்னொரு திருத்தம், மோசமான கேஸா இருந்தா ஆயுள் தண்டனை வரைக்கும் போகும், பிரம்படியும் உண்டு.

அதனால நீங்க என்ன சொல்றீங்கங்கறத விட எப்படி சொல்றீங்கங்கறது முக்கியம். "பெர்மிட் இல்லாத ஆள் ஒருத்தர் இருக்காரு"ன்னு ஆரம்பிச்சிராதீங்க. பூட்டி வெச்சிருக்காங்க, பாஸ்போர்ட்ட பிடுங்கி வெச்சிருக்காங்க, ஆறு மாசம் சம்பளம் இல்ல, கடன் சொல்லி கட்டிப்போட்டிருக்காங்க, இந்த நாலையும் முதல் வாக்கியத்துலயே போடுங்க. இது என் கைச்சரக்கு இல்ல, கட்டாய உழைப்புன்னு கண்டுபிடிக்க ஐஎல்ஓங்கற உலக தொழிலாளர் அமைப்பு வெச்சிருக்கற 11 அடையாளத்துல இதெல்லாம் அப்படியே வருது, நம்ம அதிகாரிங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறதும் இத வெச்சுத்தான். ரிப்போர்ட்ல ஆட்கடத்தலுக்கு மலாய்ல சொல்ற "பெமெர்டாகாங்கான் ஒராங்"ங்கற வார்த்தை வரணும்னு கேளுங்க, நகல் வாங்காம வராதீங்க.

அதுக்கு முன்னாடி, முடிஞ்சா, தனியா போகாதீங்க. தெனாகானித்தா மாதிரி ஒரு அமைப்புக்கு போன் போட்டு அவங்க ஆளோட போனா கவுண்டர்லயே பேச்சு மாறிடும், இத நான் கண்ணால பாத்திருக்கேன். ராத்திரியில அவசரம்னா மகளிர் அமைச்சோட உதவி எண் தாலியான் காசே 15999. தம்பி இந்தியாக்காரர்ங்கறதால கோலாலம்பூர்ல இருக்கற இந்திய ஹைகமிஷனுக்கும் ஒரு தகவல் போகட்டும், ஊருக்கு போற பேப்பர அவங்கதான் போடணும். எத்தனை மணிக்கு பூட்டறாங்க, யார்கிட்ட சாவி, எத்தனை பேர் மேல இருக்காங்கன்னு தேதியோட ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. நீங்களா போய் முதலாளிகிட்ட சண்டை மட்டும் போட்டுராதீங்கக்கா, மறுநாள் காலையில அந்த தம்பி அங்க இருக்காது, வேற ஊர் கிளைக்கு ஏத்தி விட்டுருவாங்க.

தள்ளியும் போடாதீங்க. உங்க பக்கத்துல புக்கிட் மெர்தாஜாம்ல 2018 பிப்ரவரியில ஒரு இந்தோனேசிய வீட்டு வேலை பொண்ணு, தாழ்வாரத்துல நாயோட படுத்திருந்ததா அக்கம்பக்கத்துக்காரங்க சொன்னாங்களே, மீட்டு ஆஸ்பத்திரியில சேர்த்த மறுநாளே இறந்து போச்சு. அந்த கேஸ்ல முதலாளியம்மா விடுதலை ஆனத 2022ல பெடரல் கோர்ட்டும் உறுதி பண்ணிருச்சு.

செந்தூல் வாசகர்: அமெரிக்காக்காரன் வருஷா வருஷம் நமக்கு டியர் 2, டியர் 3ன்னு மார்க் போடறானே, அவன் யாருங்க நமக்கு மார்க் போட?

கேள்வி சூடா இருக்கு, பதிலும் பாதி உங்க பக்கம்தான். ஆட்கடத்தல எந்த நாடு எப்படி தடுக்குதுன்னு அமெரிக்க வெளியுறவு அமைச்சு வருஷா வருஷம் ஒரு ரிப்போர்ட் போடும், அதுல டியர் 1 முதல் வரிசை, டியர் 3 கடைசி. 2014ல நம்மள கடைசி வரிசைக்கு தள்ளுனாங்க. 2015 மே மாசம் பெர்லிஸ் வாங் கெலியான் காட்டுல 28 ஆட்கடத்தல் முகாமும் 139 புதைகுழியும் கண்டுபிடிச்சு நாடே அதிர்ந்து போச்சு, ஆனா ஜூலையில வந்த ரிப்போர்ட்ல நம்மள ஒரு படி மேல ஏத்திட்டாங்க. அப்போ வியாபார ஒப்பந்த பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுக்காகத்தான்னு அமெரிக்காவுலயே கத்துனாங்க. அதனால அந்த மார்க்க நான் வேதவாக்கா எடுத்துக்கறது இல்ல.

ஆனாலும் ஒண்ணு சொல்லணும். 2021, 2022 ரெண்டு வருஷமும் மறுபடி டியர் 3, 2023ல ஒரு படி மேல கண்காணிப்பு பட்டியல், 2024ல டியர் 2. பரீட்சைக்கு பயந்து படிக்கற பையன் மாதிரி, டியர் 3க்கு அப்புறம்தான் சட்ட திருத்தம், கட்டாய உழைப்பு உடன்படிக்கையோட கூடுதல் நெறிமுறைக்கு ஒப்புதல்னு நம்ம ஆளுங்க ஓடுனாங்க. படிச்சா சரி. ஆனா மார்க்குக்காக படிச்சா எத்தனை ரெய்டு, எத்தனை கைதுன்னு எண்ணிக்கைதான் மேல வரும், அதுல எத்தனை பேர் பாதிக்கப்பட்டவங்கன்னு சரியா எழுதுனாங்கங்கற கணக்கு அடியில போயிரும்.

கெப்போங் வாசகி: என் மகன், 23 வயசு, கம்போடியாவுல கஸ்டமர் சர்வீஸ் வேலைன்னு போனான். இப்ப ராத்திரி யாருக்கும் தெரியாம மெசேஜ் போடறான், ஸ்கேம் பண்ண சொல்றாங்களாம், டார்கெட் அடிக்கலைன்னா அடிக்கறாங்களாம். அவனே ஆளுங்கள ஏமாத்தியிருக்கான், திரும்பி வந்தா ஜெயிலா?

அம்மா, உங்க பையன் தனியா இல்ல. கம்போடியாவுல மட்டும் ஒரு லட்சம் பேர், மியன்மார்ல குறைஞ்சது 1,20,000 பேர் இந்த மாதிரி வளாகங்கள்ல மாட்டியிருக்கலாம்னு 2023 ஆகஸ்ட்ல ஐநா மனித உரிமை அலுவலகம் ஒரு கணக்கு சொல்லுச்சு. அதுல படிச்ச பசங்க நிறைய, நம்ம மலேசிய பசங்களும் உண்டு. மிரட்டி செய்ய வெச்ச குற்றத்துக்காக பாதிக்கப்பட்டவங்கள தண்டிக்கக்கூடாதுங்கறது இந்த விஷயத்துல உலகம் பூரா பேசற கொள்கை. ஆனா அது தானா நடக்காது, கட்டாயப்படுத்துனாங்கன்னு காட்டணும்.

அதனால அவன் அனுப்புன மெசேஜ், போட்டோ, லொக்கேஷன் எதையும் அழிக்காதீங்க, வேற ஒரு போன்லயும் ஏத்தி வெச்சிருங்க. விமான டிக்கெட், வேலை விளம்பரம், கூட்டிட்டு போன ஏஜெண்ட் நம்பர் எல்லாம் எடுத்துக்கிட்டு பக்கத்து பாலாய்ல ரிப்போர்ட், அந்த நகலோட புத்ராஜெயாவுல விஸ்மா புத்ரா. இந்த மாதிரி குடும்பங்களோட சேர்ந்து அலையற எம்எச்ஓன்னு ஒரு மலேசிய மனிதாபிமான அமைப்பு இருக்கு, அவங்களையும் பிடிங்க. பணம் கட்டுனா விட்டுடறேன்னு அங்க இருந்து போன் வந்தா போலீஸ்கிட்ட சொல்லாம கட்டாதீங்க, கட்டுன பிறகு வேற கம்பெனிக்கு வித்த கதை ஏராளம். இங்க கேஸ ஓட்டறதுக்கு வேற தடை இருக்கு, அடிக்கறவன் வேற நாட்டுல, ஏஜெண்ட் இந்த நாட்டுல, பணம் எங்கயோ கிரிப்டோல. ஆட்கடத்தலுக்கு எதிரான ஆசியான் உடன்படிக்கைய 2015 நவம்பர்ல இதே கோலாலம்பூர்ல வெச்சுத்தான் கையெழுத்து போட்டாங்க, அது வேகமா ஓடுதுன்னு சொன்னா நீங்களே என்ன திட்டுவீங்க. 2025 பிப்ரவரியில தாய்லாந்து, எல்லைக்கு அந்த பக்கம் மியன்மார்ல இருக்கற மியாவாடிக்கு கரெண்ட நிறுத்துன பிறகுதான் ஆயிரக்கணக்குல ஆளுங்க வெளிய வந்தாங்க, அத்தன வருஷ மீட்டிங்ல நடக்காதது ஒரு சுவிட்ச்ல நடந்துச்சு.

பையன் திரும்பி வந்த உடனே ஏர்போர்ட்லயே வாக்குமூலம் எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வக்கீலோட பேசி வெச்சிருங்க.

பினாங்கு, கடைத்தெரு மளிகை கடைக்காரர்: நான் என் ஆளுங்க பாஸ்போர்ட்ட பத்திரத்துக்குத்தான் வெச்சிருக்கேன், ஓடிப்போயிருவாங்கன்னு இல்ல. லெவி, பெர்மிட் எல்லாம் நான்தானே கட்டறேன். இதுவும் தப்பா?

தப்புதான் முதலாளி. அடுத்தவர் பாஸ்போர்ட்ட சட்டப்படி அனுமதி இல்லாம வெச்சிருந்தா 1966 பாஸ்போர்ட் சட்டத்துல 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். நல்ல மனசோட வெச்சிருந்தீங்களா கெட்ட மனசோடவாங்கறது உங்க இரும்பு பெட்டிய தொறந்து பாக்கற அதிகாரிக்கு தெரியாது, மத்த அடையாளமும் ஒண்ணு ரெண்டு சேர்ந்துச்சுன்னா கட்டாய உழைப்புக்கு வேற தனி கேஸ், 2023 ஜனவரியில இருந்து அதுக்கு வேலை சட்டத்துல 1,00,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம் இருக்கு. நீங்க கட்டுன லெவிக்கு பாஸ்போர்ட் அடமானம் இல்ல.

பத்திரம்தான் உங்க கவலைன்னா வழி ஏற்கனவே இருக்கு, தொழிலாளர் தங்குமிட சட்டம் 446 பிரகாரம் ஒவ்வொரு ஆளுக்கும் பூட்டு போட்ட அலமாரி நீங்க குடுத்திருக்கணும். குடுக்கலைன்னா இந்த வாரமே வாங்கி போடுங்க, பாஸ்போர்ட்ட அதுல வெக்க சொல்லுங்க, ரெண்டு சாவி வந்தா ரெண்டையும் அவங்ககிட்டயே குடுத்திருங்க.