மேக்ஃபைலில் கோலனும் இடைவெளியும் செய்யும் வேலை

கேள்வி: ஒரு சென்சாரிலிருந்து வரும் பதிவுகளை மேக்ஃபைல் (எந்தக் கோப்பை எந்தக் கட்டளையால் உருவாக்குவது என்று மேக் நிரலுக்குச் சொல்லும் கோப்பு) வைத்து அறிக்கையாக மாற்றுகிறேன். கோப்புப் பெயரிலேயே நேரம் வரும், 'பதிவு-10:30' என்பது போல. அதை டார்கெட்டாக (உருவாக்க வேண்டிய கோப்பாக) எழுதினால், டார்கெட் பேட்டர்னில் % இல்லை என்று எரர் காட்டி நின்றுவிடுகிறது. நான் பேட்டர்ன் எதுவும் எழுதவே இல்லையே? சில பெயர்களில் இடைவெளியும் இருக்கிறது. இரட்டை மேற்கோள் போட்டுப் பார்த்தும் பலனில்லை.

பதில்: நீங்கள் எழுதவில்லை, ஆனால் க்னு மேக் அப்படித்தான் படிக்கிறது. முதல் கோலனைப் பார்த்ததும் டார்கெட் பெயர் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதே வரியில் இன்னொரு கோலன் வந்தால் இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பேட்டர்ன், அதாவது % குறியால் பல பெயர்களுக்குப் பொருந்தும் அச்சு. ஆக உங்கள் டார்கெட் 'பதிவு-10', பேட்டர்ன் '30', அதில் % எங்கே என்று கேட்கிறது. கோலனுக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டு பதிவு-10\:30 என்று எழுதினால் சரியாகிவிடும். #, % இரண்டுக்கும் இதே வழிதான். டாலர் குறி மட்டும் தனி ரகம், அதை $$ என்று இரட்டிப்பாக எழுத வேண்டும்.

மேற்கோள் ஏன் பலிக்கவில்லை என்றால், டார்கெட் வரியில் மேக்குக்கு மேற்கோள் என்றால் என்னவென்றே தெரியாது, அதையும் பெயரின் ஓர் எழுத்தாகத்தான் எண்ணும். மேற்கோள் புரிவது ஷெல்லுக்கு, அதாவது கட்டளைகளை ஓட்டும் நிரலுக்கு. ஒரே பெயரை முதலில் மேக் படிக்கிறது, அப்புறம் கீழே உள்ள கட்டளையை ஓட்டும்போது ஷெல் படிக்கிறது, இரண்டுக்கும் தனித்தனியாகக் காப்பு போட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேல் வரியில் மாத\ அறிக்கை என்று எழுதுகிறீர்கள். கட்டளைக்குள் $@ (டார்கெட்டின் பெயரைத் தரும் மாறி) விரியும்போது பேக்ஸ்லாஷ் போய் வெறும் இடைவெளியோடு வரும், அதனால் அங்கே '$@' என்று ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோள் இடைவெளிக்குப் போதும், ஆனால் பெயரில் டாலர் இருந்தால் ஷெல் அதை மாறி என்று நினைத்து விரித்துவிடும்.

இவ்வளவு செய்தும் இடைவெளி உங்களை விடாது. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் லேப்ஸில் எழுதிய மேக்கின் வழி வந்தது இது, இதில் பட்டியல் என்றாலே இடைவெளியால் பிரிந்த சொற்கள்தான். $^ (டார்கெட்டுக்குத் தேவையான கோப்புகளின் பட்டியல்) விரியும்போது எந்த இடைவெளி பெயருக்குள் இருப்பது, எந்த இடைவெளி இரண்டு பெயர்களைப் பிரிப்பது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஃபோர்ஈச், பேட்சப்ஸ்ட் மாதிரியான ஃபங்ஷன்களும் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டிவிடும். பேக்ஸ்லாஷ் அங்கே உதவாது.

அதனால் என் யோசனை: பெயரை மாற்றுங்கள். சென்சார் தரும் பெயர் உங்கள் கையில் இல்லைதான், ஆனால் மேக் ஓடுவதற்கு முன்பே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கோலனையும் இடைவெளியையும் கோடாக்கி 'பதிவு-10-30' என்று வைத்துவிடலாமே. பெயரில் தமிழ் எழுத்து இருப்பதால் எந்தத் தொல்லையும் இல்லை, அதை மாற்ற வேண்டாம். நின்ஜாவுக்கு (மேக் போன்ற இன்னொரு நிரல்) மாறும் எண்ணம் இருந்தால் அங்கே பேக்ஸ்லாஷ் செல்லாது, கோலனுக்கும் இடைவெளிக்கும் முன்னால் டாலர் குறி போட வேண்டும்.