செயின், பர்லாங், காதம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் எங்கள் நிலம் நீளம் 3 செயின் 40 லிங்க்ஸ், அகலம் 1 செயின் 25 லிங்க்ஸ் என்று இருக்கிறது. பட்டாவில் 17.20 ஏர்ஸ். இரண்டும் ஒன்றுதானா? நாங்களே டேப் பிடித்து அளக்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஒன்றுதான். நில அளவையில் புழங்கிய செயின் 66 அடி. 1620 வாக்கில் இங்கிலாந்தின் எட்மண்ட் கன்ட்டர் வகுத்தது. அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 20.1168 செ.மீ. 66 என்ற எண் விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் 10 சதுரச் செயின் சரியாக ஒரு ஏக்கர். அதனால் ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். 340ஐ 125ஆல் பெருக்கினால் 42,500. ஆயிரத்தால் வகுத்தால் 42.5 சென்ட், கணக்கு முடிந்தது! மீட்டரில் 68.40, 25.15, பரப்பு 1,720 சதுர மீட்டர், அதாவது 17.20 ஏர்ஸ்.

ஒரு எச்சரிக்கை. 100 அடிச் செயினும் உண்டு. அதில் ஒரு லிங்க் ஓர் அடி. பழைய எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) படத்தில் 340 என்று மட்டும் இருப்பதைப் பார்த்து அடி என்று நினைத்தால், உங்கள் நிலம் பக்கத்துக் காட்டுக்குள் 35 மீட்டர் போய்விடும். நீளத்தை அகலத்தால் பெருக்கி, பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த அலகு என்பது உடனே தெரியும்.

பழைய அளவுகளில் பிழை வந்த வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். செயினில் 10 லிங்க்ஸுக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும்: 10க்கு ஒரு பல், 20க்கு இரண்டு, 30க்கு மூன்று, 40க்கு நான்கு, 50க்கு வட்டம். அதற்கு மேல் அதே வரிசை தலைகீழாக இறங்கும். எனவே நான்கு பல் வில்லை 40ஆகவும் இருக்கும், 60ஆகவும் இருக்கும். வட்ட வில்லை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் 20 லிங்க்ஸ், அதாவது 4 மீட்டர் தவறும். ஒவ்வொரு செயினுக்கும் தரையில் குத்தும் அம்பில் (அடையாளக் கம்பியில்) ஒன்றை எண்ண விட்டால் முழுசாக 66 அடி போச்சு. வளையங்கள் தேய்ந்து செயின் நீண்டாலும் கணக்கு குறையும்: அரை லிங்க் நீண்ட செயினில் 3.4 செயின் என்று எழுதிய இடம் தரையில் 34 செ.மீ. கூடுதலாக இருக்கும்.

இப்போது நீங்கள் அளக்க 30 மீட்டர் ஸ்டீல் டேப் போதும். துணி டேப் இழுபடும். பூஜ்யம் டேப் முனை வளையத்தின் விளிம்பிலா, கொஞ்சம் உள்ளே தள்ளியா என்று முதலில் பாருங்கள். வளைந்த வரப்பை ஒட்டிப் போகாமல் கல்லுக்குக் கல் நேராகப் பிடியுங்கள். நாகமலை, அழகர்மலை அடிவாரம் போன்ற சரிவான இடத்தில் டேப்பைத் தரையில் போடக் கூடாது. படத்தில் இருப்பது கிடைமட்ட தூரம். 10 டிகிரிச் சரிவில் தரையோடு அளந்த 30 மீட்டர், கிடையாக 29.54 மீட்டர்தான். டேப்பை மட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக இறங்குங்கள்.

நான்கு பக்கமும் சரியாக வந்தாலும் நிறுத்தாதீர்கள். இரு மூலைவிட்டங்களும் 72.87 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் நிலம் இணைகரமாகச் சரிந்திருக்கிறது, பரப்பும் குறைவு. கல்லை மட்டும் நீங்களே நகர்த்திவிடாதீர்கள். அது அரசு சர்வேயர் வேலை.

கேள்வி: பெரியவர்கள் சொல்லும் பர்லாங் எவ்வளவு தூரம்?
– வாசகி, மேலூர்

பதில்: 10 செயின், 660 அடி, ஏறக்குறைய 201 மீட்டர். எட்டு பர்லாங் ஒரு மைல். ஐந்து பர்லாங் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே 2, 4, 6, 8 என்று சின்னக் கற்கள் நிற்குமே, அவை 200 மீட்டர் கற்கள். பர்லாங் கல் செய்த வேலையை இப்போது அவைதான் செய்கின்றன.

கேள்வி: காதம் என்பது எத்தனை கிலோமீட்டர்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அகராதி வழக்கில் சுமார் 10 மைல், அதாவது 16 கி.மீ. ஏழு நாழிகைவழி ஒரு காதம். நாழிகை என்பது 24 நிமிடம். விறுவிறுப்பாக நடப்பவர் அதற்குள் ஒன்றரை மைல் போவார். ஏழு மடங்கு பத்தரை மைல், கணக்கு ஒத்துவருகிறது. நடையை வைத்து வந்த அளவு என்பதால் இதைத் தசமப் புள்ளி வரை துல்லியமாக்குவதில் அர்த்தமில்லை. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்றில் 29 காதம் என்ற எண்ணோடு, எழுத்தறியாதவர்க்காகப் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் வெட்டியிருக்கிறார்கள். என்ன அக்கறை பாருங்கள்!

கேள்வி: கோயில் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலின் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பது ஏன்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: கோல் ஊருக்கு ஊர் மாறியது. பாண்டிய நாட்டில் சுந்தரபாண்டியன் கோல் என்று பெயரிட்டே எழுதினார்கள். பல கோயில்களில் கோலின் நீளத்தைச் சுவரிலோ அதிட்டானத்திலோ (அடித்தளத்திலோ) கோடாக வெட்டியும் வைத்தார்கள். ஒரு சதுரக் கோல் ஒரு குழி. சாண் 9 அங்குலம் என்று கொண்டால், 16 சாண் கோலில் 100 குழி 33 சென்ட் வரும். 12 சாண் கோலில் அதே 100 குழி பதினெட்டரை சென்ட்தான்.