குடியிருப்பது நியூஜெர்சி, வேலையிழப்புத் தொகை நியூயார்க்கிலிருந்து: வரி எங்கே?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் வீடு, மன்ஹாட்டனில் வேலை. வேலை போனதும் நியூயார்க் மாநிலத்தில் விண்ணப்பித்து, வாரம் 500 டாலர் வீதம் 20 வாரம் வாங்கினேன். இந்தப் பணத்தை எந்த மாநிலத்தில் காட்ட வேண்டும்?

முதலில் நியூயார்க் தொழிலாளர் துறையின் தளத்தில் 1099-ஜி படிவத்தை (அந்த ஆண்டு உங்களுக்குத் தந்த தொகையைக் காட்டும் படிவம்) இறக்கிக்கொள்ளுங்கள். அதன் 1-ஆம் எண் கட்டத்தில் 10,000 டாலர் இருக்கும். வரி பிடிக்கச் சொல்லியிருந்தால் கூட்டரசுக்கு 10 சதவீதம், நியூயார்க்குக்கு 2.5 சதவீதம், அதாவது 1,000 டாலரும் 250 டாலரும் ஏற்கெனவே போயிருக்கும். கூட்டரசுக் கணக்கில் இந்தத் தொகை ஷெட்யூல் 1 என்ற இணைப்புப் படிவத்தின் 7-ஆம் வரியில் வரும். அதில் சிக்கல் இல்லை.

மாநிலக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நியூஜெர்சி வேலையிழப்புத் தொகைக்கு வரி போடுவதில்லை, எந்த மாநிலம் கொடுத்திருந்தாலும் சரி. அதனால் நியூஜெர்சி படிவத்தில் இதைச் சேர்க்க வேண்டாம். ஆனால் நியூயார்க் விடாது. அங்கே செய்த வேலையால் கிடைத்த பணம் என்பதால், வெளிமாநிலத்தவருக்கும் அது நியூயார்க் வருமானமே. வெளிமாநிலத்தவர் நியூயார்க்கில் தாக்கல் செய்யும் ஐடி-203 வரிப் படிவத்தில் கூட்டரசுத் தொகைக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), நியூயார்க் தொகைக்கு ஒரு பத்தி இருக்கும். இரண்டிலும் 10,000 எழுதுங்கள். “வேலை செய்யாமல் வந்த பணம்தானே” என்று இரண்டாவது பத்தியைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்கு நியூஜெர்சியில் கழிவு (அங்கே கட்ட வேண்டிய வரியில் குறைப்பு) உண்டு அல்லவா? உங்கள் சம்பளப் பகுதிக்கு மட்டும்தான் அது. நியூஜெர்சி வரியே போடாத தொகைக்குக் கழிவும் தராது. கழிவு கணக்கிடும் ஷெட்யூலில் நியூயார்க் வருமானத்தை எழுதும்போது இந்த 10,000-ஐ நீக்கிவிட வேண்டும். மென்பொருள் அதைத் தானாகச் சேர்த்திருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஐடி-203-ஐ முடித்த பிறகே நியூஜெர்சி படிவத்தைத் தொடுங்கள், அதன் எண்கள் இதற்குத் தேவைப்படும்.

இதே நிலையில் கனெக்டிகட்டில் குடியிருந்தால் கதை வேறு. அந்த மாநிலம் இந்தத் தொகைக்கு வரி போடும், நியூயார்க்குக்குக் கட்டியதற்குக் கழிவும் தரும். வேலை போனபின் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அங்கே மாநில வருமான வரிப் படிவமே கிடையாது. ஆனாலும் நியூயார்க் தந்த தொகையை ஐடி-203-இல் காட்டித்தான் ஆக வேண்டும்.