இறங்கும் கோடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத இளம்பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதன்பின் தேடியபோது ஒரு வரைபடம் கிடைத்தது. முறையான கல்வி அறவே இல்லாத இளம்பெண்கள் உலகில் எத்தனை சதவீதம் என்று 1950 முதல் 2100 வரை காட்டுகிறது. கோடு சரிந்துகொண்டே போய் நூற்றாண்டின் கடைசியில் ஏறக்குறைய தரையைத் தொட்டுவிடுகிறது. அப்படியென்றால் பிரச்சினை தானாகவே தீர்ந்துகொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? நீங்கள் இவ்வளவு கவலைப்படுவது ஏன்? தவிர, அடுத்த வருடமே யாருக்கும் தெரியாது என்கிறபோது 2100-ஐ எப்படிச் சொல்கிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த வகைக் கணிப்புகளில் அதிகம் எடுத்தாளப்படுபவை வியன்னாவின் விட்கன்ஸ்டைன் மையத்தில் வுல்ஃப்காங் லுட்ஸ், சமீர் கே.சி. முதலிய மக்கள்தொகை ஆய்வாளர்கள் உருவாக்கியவை. ஒவ்வொரு நாட்டின் மக்களையும் வயது, பால், படிப்பு என்று பிரித்துக்கொண்டு ஐந்தைந்து ஆண்டுகளாக முன்னே நகர்த்துகிறார்கள். இன்று 20 வயதில் படிப்பில்லாதவள், உயிரோடு இருந்தால், 30 ஆண்டு கழித்து 50 வயதில் படிப்பில்லாதவள். சிறுவயதில் பள்ளிக்கே போகாதவள் வளர்ந்தபின் போவாள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதில்லை. 2040-இல் 20 வயதைத் தொடப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். ஆகவே கோட்டின் முதல் பகுதியில் ஊகத்துக்கு இடம் குறைவு, அது பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான்.

அதற்கப்பால் வருவதெல்லாம் ‘இப்படி நடந்தால் அப்படி ஆகும்’ என்பது. அதனால்தான் ஒரே கோடாக இல்லாமல் பல கோடுகள் போடுகிறார்கள். தென்கொரியா ஒருகாலத்தில் கல்வியைப் பரப்பிய வேகத்தை எல்லா நாடுகளும் எட்டினால் ஒன்று. இதுவரை உலகம் வந்த போக்கிலேயே போனால் ஒன்று. பள்ளியில் சேர்வோர் விகிதம் இன்றைய நிலையிலேயே நின்றுவிட்டால் இன்னொன்று. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நடுக்கோடாக இருக்கும். அந்த நடுக்கோட்டுக்கே ஒவ்வோர் ஆண்டும் புதிய பள்ளிகளும் ஆசிரியர்களும் தேவை. தானாகத் தீர்கிறது என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்தக் கோடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். ‘இளம்பெண்’ என்றால் 15 முதல் 24 வயது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கே போகாத ஒருத்திக்கு 25 வயது ஆனதும் அவள் கணக்கிலிருந்து வெளியேறுகிறாள், கோடு ஒரு துளி இறங்குகிறது. அவளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. வயதானது மட்டும்தான் நடந்தது. கீழே பள்ளிக்குப் போன தங்கைகள் வந்து சேர்கிறார்கள், அது பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அக்காவின் நிலைமை அப்படியே இருக்கிறது. இன்று 15 வயதில் இருப்பவள் 2080 வரைக்கும்கூட வாழக்கூடும். அத்தனை ஆண்டுகளும் மருந்துச் சீட்டையும் கைநாட்டு வைக்கும் பத்திரத்தையும் இன்னொருவரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்லவேண்டும். இன்று உலகில் எழுதப் படிக்கத் தெரியாத வயதுவந்தோர் 70 கோடிக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இவர்களில் பெரும்பாலோர் நீங்கள் பார்த்த வரைபடத்தில் இல்லை, வயது தாண்டிவிட்டது.

உலகச் சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. மிச்சமிருப்பவர்கள் நைஜர், மாலி, சாட், புர்க்கினா ஃபாசோ போன்ற சில ஆப்பிரிக்க நாடுகளில் குவிந்துகொண்டே போகிறார்கள். நைஜரின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். அங்கெல்லாம் சதவீதம் குறையும்போதே தலைக்கணக்கு கூடக்கூடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லவேண்டும். குடிமதிப்புக் கணக்கெடுப்புகள் தவிர, ஏழை நாடுகள் பலவற்றுக்கு முக்கிய ஆதாரம் டி.எச்.எஸ். எனப்படும், வீடு வீடாகப் போய் மக்கள்தொகையையும் உடல்நலத்தையும் பற்றிக் கேட்கும் ஆய்வு. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்ணிடம் ‘எப்போதாவது பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் பிறகு ஓர் அட்டையை நீட்டி அதிலுள்ள வாக்கியத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். ‘விவசாயம் கடினமான வேலை’ என்பது போன்ற சின்ன வாக்கியம். முழுதாகப் படித்தாள், கொஞ்சம் படித்தாள், படிக்கவே இயலவில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க அரசின் நிதி நின்றதால் 2025 தொடக்கத்தில் இந்த ஆய்வே தடைபட்டது. கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் அந்தப் பெண் எந்தக் கோட்டிலும் வரமாட்டாள். நிதி நின்ற செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கமுடியாது. ஆனால் ஆறாவது முடித்தவள் ‘கல்வியே இல்லாதவள்’ ஆகமாட்டாள். நம் காலத்தில் பெண்கல்வி மீது விழுந்த மிகப்பெரிய அடி அந்த வரைபடத்தில் ஒரு கீறலாகக்கூடத் தெரியாது.

கவலை ஏன் என்றீர்கள். 2010-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று 175 நாடுகளை எடுத்துக்கொண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஓராண்டுச் சாவு 1970-ஐவிட 2009-இல் 82 லட்சம் குறைந்திருந்தது என்றால், அதில் 42 லட்சம் பெண்களின் படிப்பு கூடியதால் என்று அது மதிப்பிட்டது. அம்மா படித்த ஒவ்வொரு வகுப்புக்கும் பிள்ளையின் உயிரில் பங்கிருக்கிறது.

பள்ளியில் சேரும் வயதைத் தாண்டிப்போனவர்களுக்கு எதுவும் செய்யமுடியாது என்பதும் சரியல்ல. மாலியிலும் நைஜரிலும் ‘ஸ்பீட் ஸ்கூல்’ என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள், பள்ளியைத் தவறவிட்ட 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று வகுப்புப் பாடத்தை ஒன்பது மாதத்தில் சொல்லிக்கொடுத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுகின்றன. வயதுவந்தவர்களுக்குக் கியூபா உதாரணம். 1961 என்ற ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்த் தங்கினார்கள், 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். அந்த அரசியலோடு நமக்கு உடன்பாடு இருக்கவேண்டும் என்பதில்லை. வளர்ந்தவர்களுக்கும் கற்பிக்கமுடியும் என்பதற்கு அது சாட்சி.

விட்கன்ஸ்டைன் மையத்தின் தரவுத்தளத்தில் வயதையும் நாட்டையும் நீங்களே மாற்றிப் பார்க்கலாம். உலகம் என்பதை எடுத்துவிட்டு நைஜர் என்று போடுங்கள். வயதை 40-க்கு மேல் ஏற்றுங்கள். சேர்க்கை விகிதம் நின்றுபோகும் கோட்டையும் நடுக்கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.